குத்தகைக்கு ஒரு கோல்கீப்பர்

என்னை ஒரு ஹாக்கி அணி எடுத்துக்கொண்ட செய்தி எனக்குத் தெரிவதற்கு முன்பே வத்திராயிருப்பு பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. ராஜபாளையத்தில் கல்லூரி முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, சாயங்காலக் கூட்டத்தில் படிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். கோல்கீப்பரின் பை சாதாரணப் பை இல்லை, ஒரு ஆள் படுத்துத் தூங்குகிற நீளம். அதை டிரைவருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கைப்பையை மட்டும் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவின் மடியில் கொடுத்திருந்தேன். உள்ளே போன் அடித்திருக்கிறது. அந்த அக்கா நல்ல மனசுக்காரி. பையைத் திறந்து, எடுத்து, பேசியும் முடித்துவிட்டாள்.

"ஏட்டி, ஒன்ன எடுத்துட்டாவளாம்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"போலீஸ்லயா?" என்றார் கண்டக்டர்.

"தெரியல. ஒரு டீச்சர் பேசுனாவ. ஒரே அழுகை."

அழுதது எங்கள் கல்லூரியின் உடற்கல்வி மேடம். சந்தோஷ அழுகை. நான் போனை வாங்கி அவர்களிடம் பேசுவதற்குள், நான் போலீஸில் சேர்ந்துவிட்டேன் என்ற செய்தி கடைசி சீட் வரை போய்விட்டது. இறங்கும்போது ஒரு பெரியவர் என்னைப் பிடித்து நிறுத்தி, தன்னுடைய வரப்புத் தகராறைச் சொல்ல ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். பெண்களுக்கான ஒரு லீக். அதில் ஆடும் அணிகள் வருடத்துக்கு ஒரு தடவை கூடி, கல்லூரியில் ஆடுகிற பிள்ளைகளின் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு, முறைவைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லும். சொன்ன பெயர் சொன்ன அணிக்கு. ஏலம் கிடையாது. டிராஃப்ட் என்பார்கள். பெயர் சொல்லிவிட்டதால் வேலை முடிந்துவிடாது. அதற்குப் பிறகு அந்த அணி ஒரு ஒப்பந்தம் அனுப்பும். அதில் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிப்பை விட்டு அவர்கள் ஊருக்குப் போய்விடலாம். இல்லையென்றால் கடைசி வருடத்தை முடித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதுவரை நம்மை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். என்னைக் கடைசிக்கு முந்தின சுற்றில் எடுத்திருந்தார்கள். அப்போதே பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் எடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டை ஊரில் ஒரே ஒருவர்தான் சட்டென்று புரிந்துகொண்டார். அது என் அப்பா. அங்கேதான் சனி பிடித்தது.

அப்பாவுக்கு மலையடிவாரத்தில், கான்சாபுரம் போகிற வழியில், அறுபது மாமரங்கள் உண்டு. பாதிக்கு மேல் சப்பட்டை, மிச்சம் பஞ்சவர்ணம். காய்ப்பை அவர் விற்பதில்லை, பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவார். தை மாதம் மரம் பூத்திருக்கும்போது ராஜபாளையத்திலிருந்து வியாபாரிகள் வருவார்கள். பூவைப் பார்த்தே எவ்வளவு காய் நிற்கும் என்று மதிப்புப் போட்டு அந்த வருடத்துக்குத் தோப்பைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு காற்றடித்தாலும் கொட்டிப்போனாலும் அது அவர்கள் பாடு.

"அப்பம் ஒன்னையப் பூவுலயே பிடிச்சிருக்காவ," என்றார் அப்பா, நான் விளக்கி முடித்ததும். "காய் நிக்குமான்னு தெரியாம பிடிச்சிருக்காம்பாரு, தைரியமான ஆளுதான்."

ஒப்பந்தம் மெயிலில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். பத்தொன்பது பக்கம். கடைக்காரர் ஒவ்வொரு பக்கமாக இழுத்துப் பார்த்து, "எட்டாம் பக்கம் கொஞ்சம் கறாரா இருக்கே," என்று கருத்தும் சொன்னார்.

அப்பா அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் தோப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனில் படம் பிடித்தால் தமிழில் சொல்லும் வித்தையை எங்கள் திருச்சபையில் யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் படம் பிடித்து, சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தார். அந்தக் குறிப்புகளை நான் பிறகு பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், 'மழையால் ஆட்டம் நின்றால் யார் பொறுப்பு?' ஆறாம் பக்கத்தில், 'தண்ணீர் யார் பாய்ச்சுவது?' இதற்கு என் சாப்பாட்டுச் செலவு யாருடையது என்று அர்த்தம். பதினொன்றில், 'காவல் உண்டா?' பெண்கள் விடுதி பற்றிய பக்கம் அது. அவர் தப்பாக எதுவும் கேட்டுவிடவில்லை. எல்லாவற்றையும் மாமரத்துக்குக் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

நான்காம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கையைக் காலைக் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"இந்த வருசம் விடுற மாதிரி இல்ல."

அவ்வளவுதான். காரணம் எதுவும் கிடையாது. நான் கத்தினேன். என் வாழ்க்கை என்றேன், என் கால், என் மட்டை, என் கையெழுத்து என்றேன். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் அதேதான். நான் உண்ணாவிரதம் இருப்பதாக அறிவித்தேன். வீட்டில் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தினமும் நாலு புரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் சாப்பிட்டேன். மூன்று நாள் பட்டினிக்கு முகம் இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே என்று அம்மா கர்த்தரைத் துதித்தாள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத உண்மை. எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால், என் இடது முழங்கால் ஒன்பது மாதமாகக் கெட்டுப்போயிருந்தது.

கல்லூரி மைதானம் வெறும் கட்டாந்தரை. ஒரு பந்தைத் தடுக்கச் சறுக்கியபோது உள்ளே டக் என்று ஒரு சத்தம். எழுந்து நின்றேன், ஆடினேன், அன்றைக்கு ஜெயிக்கவும் செய்தோம். மறுநாள் காலையில் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வீக்கம் தானாக வடிந்தது, வலி மட்டும் போகவே இல்லை. முதலாம் ஆண்டில் புதிதாக ஒரு பெண் கோல்கீப்பர் சேர்ந்திருந்தாள். குட்டிப் பூனை மாதிரி பாய்வாள். நான் ஒரு மாதம் உட்கார்ந்தால் அந்த இடம் அவளுடையது என்று எனக்குத் தெரியும். அதனால் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினேன். பேண்டேஜ் நெய்கிற சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருக்கும்போது பேண்டேஜ் துணிக்கு என்ன பஞ்சம். மேலே கோல்கீப்பரின் பெரிய பேட் வேறு இருக்கிறது. அதற்குள் ஒரு ஆளையே ஒளித்து வைக்கலாம்.

வெளியில் ஒளிப்பதுதான் பெரும்பாடு. பஸ் படி இறங்கும்போது எப்போதும் எனக்குப் போன் வரும், நின்று நிதானமாகப் பேசியபடி இறங்குவேன். மாடிப்படி ஏறும்போது செருப்பு வார் அவிழ்ந்துவிடும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கோயில். எங்கள் சபையில் முழங்காலில் நின்று ஜெபிப்பது வழக்கம். நான் ஒன்பது மாதமாக நின்றபடியே ஜெபித்தேன். அம்மாவுக்கு அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. மகள் விசுவாசம் குறைந்து பின்மாற்றத்தில் போய்விட்டாள்.

அதனால் வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் என் பேரில் இரண்டு விண்ணப்பங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று என் ஆத்துமாவுக்காக, இன்னொன்று என் ஒப்பந்தத்துக்காக. இரண்டாவதில்தான் குழப்பம். நான் போக வேண்டும் என்று நாலு பேர் ஜெபித்தார்கள். பட்டம் வாங்கிவிட்டுப் போகட்டும் என்று பள்ளிக்கூட டீச்சர்கள் இரண்டு பேர். குட்டைப் பாவாடை போட்டு ஆடுகிற விளையாட்டே வேண்டாம், வேறு வேலைக்கு வாசல் திறக்கட்டும் என்று ஒருத்தி. கோல்கீப்பர் தலையிலிருந்து கால் வரை மூடித்தான் நிற்பாள் என்று அம்மா அவளிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஆண்டவர் அந்த மாதம் என் ஃபைலை எடுத்துவைத்துக்கொண்டு திண்டாடியிருப்பார்.

பதினான்காம் பக்கத்துக்கு வருகிறேன். அதில் ஒரே ஒரு பத்தி. எனக்குக் காயம் எதுவும் இல்லை, இருந்து மறைக்கவும் இல்லை என்று நானே சொல்வதாக எழுதி, கீழே என் கையெழுத்துக்குத் தனியாகக் கோடு போட்டிருந்தது. என் திட்டம் சுலபமானது. கையெழுத்துப் போடுவது, அவர்கள் ஊருக்குப் போவது, முதல் நாள் பயிற்சியிலேயே பலமாக விழுவது. இங்கே வந்துதான் அடிபட்டது என்று சொல்லிவிட்டால் அவர்களே வைத்தியம் பார்ப்பார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்போது இதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். தள்ளிப்போட்டால் இந்த ஒரு வருடத்தில் முட்டி எங்கேயாவது காட்டிக்கொடுத்துவிடும். அப்பா குறுக்கே நிற்க நிற்க எனக்கு வெறி ஏறியது அதனால்தான்.

மேடத்திடம் போய் நின்றேன். கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன்.

"போடலாம். போடாமலும் இருக்கலாம்," என்றார்கள். "டிகிரி இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்கும். ஆனா ஆடுற வயசு திரும்ப வராது. நல்லா யோசி." இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார்கள்.

கையெழுத்துக்கான கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது அணியின் மேனேஜரே ராஜபாளையத்துக்கு வந்துவிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், முன்பு தானும் ஆடியவர். தென்மாவட்டத்தில் எடுத்த பிள்ளைகளையெல்லாம் நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கிப் போகிற சுற்றுப்பயணம். லாட்ஜில் பேசலாம் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தோப்பைப் பாக்காம ரூம்ல இருந்து என்ன பேச்சு?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனில் அவரிடம் மரியாதையாக, கல்லூரி மைதானத்துக்கு வந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். என்னைப் பேட், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு கோல் போஸ்ட் முன்னால் நிற்கச் சொன்னார்.

மேனேஜர் வந்தார். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், கையில் சிவப்பாகிப்போன பத்தொன்பது பக்கத்தோடு நின்றார். வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து முடித்ததும் முதல் பேச்சாக எடுத்தார்:

"இந்த வருசம் விடுற மாதிரி இல்ல, சார்."

மேனேஜர் முகம் விழுந்துவிட்டது. நான் ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்தேன்.

"சரி, இம்புட்டுத் தூரம் வந்துட்டிய. ஒரு சுத்து சுத்திப் பாத்துக்கிடுங்க," என்றார் அப்பா.

பிறகு நடந்தது என் எதிரிக்கும் வரக்கூடாது. அப்பா அந்த மனிதரைத் தோளில் கைபோடாத குறையாக அழைத்துக்கொண்டு என்னைச் சுற்றிவந்தார். முன்னால், பக்கவாட்டில், பின்னால். நான் அசையாமல் நின்றேன். சுற்றி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கள்ல ஒரு வழக்கம் உண்டும். குத்தகைக்கு விடும்போது நோய் மரத்த நாமளே காட்டிரணும். ஒளிச்சு வச்சு, பொறவு அவிய கண்டுபிடிச்சா, குத்தகை முறிஞ்சிரும். அடுத்த வருசம் ஒருத்தனும் தோப்புப் பக்கம் வர மாட்டான். அதனால இவட்ட இருக்கத எல்லாத்தையும் சொல்லிருதேன்."

சொன்னார். காலையில் எழுப்ப நாலு ஆள் வேண்டும். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும், போன வருடம் ஒரு சில்வர் தட்டு பக்கத்து வீட்டுக் கோழி மேல் விழுந்து, கோழிக்குப் பதிலாக வேறு கோழி வாங்கிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இங்கிலீஷில் இரண்டு பேப்பர் அரியர் இருக்கிறது. குறட்டை விடுவாள், அறையில் கூட இருக்கிற பிள்ளைகள் பாவம். சமீபமாகக் கோயிலில் முழங்கால் போடுவதில்லை.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, சார். என் பேச்ச நம்பலாம்," என்று முடித்தார்.

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, இத்தனை வருசத்துல பொண்ணோட குறையைப் பூரா சொல்லி எடுத்துக்கச் சொன்ன அப்பா நீங்க ஒருத்தர்தானுங்க."

அந்த நிமிடத்தில் காற்று மாறிவிட்டது. இரண்டு பேரும் மைதானத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அப்பா சிவப்புக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மழை, தண்ணீர், காவல். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கடைசியில், எந்தக் குத்தகையிலும் வீட்டுக்கென்று இரண்டு மரம் ஒதுக்கிக்கொள்வது உண்டு, அதேபோல இவளுக்கும் இரண்டு வேண்டும் என்றார். படிப்பு அடியோடு விட்டுப்போகாமல் இருக்க, பரீட்சை நாட்களில் விடுப்பு ஒன்று. கல்லூரி அணி பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும்போது அனுப்பிவைப்பது இன்னொன்று. மேனேஜர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசிவிட்டு வந்து, இரண்டையும் எழுதித் தருவதாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுற மாதிரி இல்ல என்பது அப்பாவின் மறுப்பே இல்லை. வருடாவருடம் தோப்புக்கு வருகிற முதல் வியாபாரியிடம் அவர் சொல்கிற முதல் வாக்கியம் அது. அங்கேதான் பேரம் தொடங்கும். வியாபாரிக்கு அது தெரியும், அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் மாமரத்துக்குச் சொல்வதை மகளுக்கும் சொல்லிப் பழகிக்கொள்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் மூன்று வாரம் சண்டை போட்டது ஒரு ஒத்திகையோடு.

"நீங்க வேண்டாம்னுதான சொன்னிய?" என்று பல்லுக்குள் கேட்டேன்.

"எடுத்த ஒடனே சரின்னா மதிப்பு இருக்குமாட்டி?" என்றார் அதே பல்லுக்குள். "ஒனக்குத் தெரியும்னுலா நெனச்சேன்."

மேனேஜர் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனேன். கை நன்றாகத்தான் ஓடியது. பதினான்காம் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது.

அரை மணி நேரம் முன்பு வரை அங்கே கையெழுத்துப் போடுவது எனக்குப் பொருட்டே இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஊர்க்காரர்களிடம் சொல்லப்போகிற சின்னப் பொய். இப்போது பக்கத்தில் வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்த இந்த மனிதர், என் குறட்டையைக்கூட விடாமல் சொல்லி, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தன் பேச்சைப் பிணையாக வைத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டால் பொய் அவருடையதாகிவிடும். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் பூனைக்குட்டிப் பெண் மைதானத்து அந்தப் பக்கம் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருசம் கழிச்சு வாரேன், சார். டிகிரி முடிச்சுட்டு," என்றேன்.

மேனேஜர் அப்பாவைப் பார்த்தார், அப்பா என்னைப் பார்த்தார். அப்பா முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பிள்ள சொல்லிட்டா, சார். அம்புட்டுதான்," என்றார்.

மேனேஜர் கெடு நாலு நாள் இருப்பதைச் சொல்லி, யோசிக்கச் சொல்லி, பக்கங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பைக்கில் நான் பின்னால், எனக்கும் பின்னால் என் பை. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறியதிலிருந்து அப்பாவுக்கு வாய் ஓயவில்லை.

"என்ன போடு போட்ட! நானே சரின்னு சொல்லலாம்னு இருந்தேன் பாத்துக்கோ. பேனாவைத் தொறந்த பொறவு, பதிமூணு பக்கம் போட்ட பொறவு, வேண்டாம்ங்க. எங்க அப்பாகூட இப்பிடிப் பேசுனதில்ல. ரெண்டே நாள், ஏட்டி. திரும்ப வருவாவ. மூணாவது மரமும் கேட்டுருவோம்."

சிரிப்பாக வந்தது. அழுகையும் வந்தது. காற்றில் அவருக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"பேரம் இல்லப்பா. எனக்கு முட்டி போச்சு."

கேட்டுவிட்டது. ஒரு நூல் மில் வாசலில் பைக்கை ஓரங்கட்டினார். ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் நடுவில் நின்றுகொண்டு பேசினோம்.

"எந்தக் கால்?"

"இடது."

"எம்புட்டு நாளா?"

"ஒம்பது மாசம்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பெட்ரோல் டாங்க் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்துல ஒரு சிட்டிகை பொடி உதிர்ந்துச்சுன்னா, உள்ள புழு இருக்குன்னு எட்டத்துல இருந்தே சொல்லிருவேன்," என்றார். "ஒம்பது மாசம் ஒரே வீட்டுல நொண்டிருக்க."

"நான்தான் வெளிய தெரியாம நடந்தேன், நீங்க என்ன செய்விய."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உக்கார வச்சிருவிய."

எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் அப்பாவை ஏமாற்றியதை நினைத்து அழுதது அப்போதுதான். மில் ஆட்களில் ஒரு அம்மா நின்று, "ஏன்யா, பொட்டப்பிள்ளைய ரோட்டுல வச்சு அழ வைக்கிய?" என்று அப்பாவை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அப்பா பைக்கைத் திருப்பினார், ராஜபாளையம் பார்த்து.

"கையெழுத்துதான் போடலையேப்பா," என்றேன்.

"பேச்சுப் பேசியாச்சுல்லா."

மேனேஜர் லாட்ஜுக்குக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், மனம் மாறி வருகிறோம் என்று நினைத்து, டம்ளரை வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், நான் சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு. எனக்கே இப்பந்தான் தெரியும். பிள்ளைக்கு இடது முட்டி சரியில்ல."

மேனேஜர் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார். எப்போது, எப்படி, வீங்கியதா, சத்தம் கேட்டதா. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெஞ்சில் உட்கார வைத்து, முட்டியை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இதை வச்சுக்கிட்டா ஆடின?"

"வேற பிள்ள வந்துரும்னு பயம், சார்."

"வரும்," என்றார் அவர். "அது உன் கையில இல்ல. முதல்ல மதுரைல ஸ்கேன் எடு. ஆபரேஷன் தேவைன்னா பண்ணிக்க. கடைசி வருசத்தை முடி. அடுத்த சீசன் தேர்வுக்கு வா, பார்க்கறேன். எடுப்பேன்னு இப்ப வாக்குக் குடுக்க மாட்டேன்." பிறகு அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் பையிலேயே வைத்து ஜிப்பை மூடினார். அந்த ஜிப்பின் சத்தம் எனக்கு வலித்தது. இரண்டு நாளில் திரும்பி வருவார் என்று இனி அப்பாவாலும் சொல்ல முடியாது.

எங்களுக்கும் டீ சொன்னார். குடித்தோம். அப்பா காசு கொடுக்கப் போனபோது அவர் விடவில்லை.

வத்திராயிருப்பு வருகிற வரை அப்பா ஒவ்வொரு வேகத்தடையிலும் பைக்கை நடை வேகத்துக்குக் குறைத்து, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றி இறக்கினார். வழியில் ஒரு பதினைந்து வேகத்தடையாவது இருக்கும். பின்னால் வந்த லாரிக்காரன் பொறுமை போய்க் கத்திவிட்டுத் தாண்டிப் போனான்.

வீட்டு வாசலில் நிறுத்தினார். வழக்கமாக நான் இறங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, வலது காலை ஊன்றி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இறங்குவேன். அன்றைக்கு நான் அதெல்லாம் செய்யவில்லை. சாதாரணமாக எல்லோரையும்போல இடது காலைக் கீழே வைத்தேன். வலி முட்டியிலிருந்து கிளம்பி உச்சந்தலைக்கு ஏறியது.

"ஐயோ! அம்மா!" என்று கத்தினேன்.

ஒன்பது மாதத்துக் கத்தல். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டில் மூன்று பேர் வெளியே வந்தார்கள். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அப்பா என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். போதும், மெல்லக் கத்து என்று அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை, ஊருக்கே கேட்கிற மாதிரி, நன்றாகக் கத்திக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.